நிறமும் தெரியாதாம், சாதியும் தெரியாதாம்

பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. வட கரோலினா பல்கலைக்கழக வழக்கில் 6-3, ஹார்வர்டு வழக்கில் 6-2. சொன்ன காரணம் நமக்குப் பழகிப்போன பல்லவிதான். சட்டத்துக்கு நிறம் தெரியக் கூடாதாம், அது நிறக்குருடாம். 1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்து டில்லித் தெருவில் உட்கார்ந்து ஷூ பாலிஷ் போட்டுக் காட்டினாங்களே, அதே பாட்டு, வேற மெட்டு.

இந்த 'நிறக்குருடு' எங்கிருந்து வந்தது தோழர்களே? 1896இல் பிளெசி வழக்கில், கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி செல்லும் என்று நீதிமன்றம் சொன்னபோது, நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார். அந்தத் தீர்ப்பில் வருகிற சொல் இது. அந்தக் காலத்துக்கு அவர் நல்ல மனுசன்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால், கல்வியிலும் செல்வத்திலும் அதிகாரத்திலும் வெள்ளை இனமே ஆதிக்க இனம், அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்கிறார். சற்றுப் பின்னால், குடிமக்களாக நாம் அனுமதிப்பதே இல்லை என்னும் அளவுக்குச் சீனர்கள் வேறுபட்ட இனம் என்கிறார். 2023 வழக்கோ ஆசிய மாணவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று சொல்லித் தொடுக்கப்பட்டது! முன்னையும் பின்னையும் வெட்டிப் போட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரே ஒரு வாசகத்தை எடுத்து நெற்றியில் பூசிக்கிட்டாங்க.

வழக்கின் சூத்திரதாரி எட்வர்டு பிளம் ஆசியர் இல்லை. பங்குத் தரகராக இருந்த வெள்ளையர். 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கின் மூலம் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்ததும் இவருடைய ஏற்பாடுதான். தீர்ப்பு வந்த அன்றே வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்குவதாக டெக்சாஸ் அறிவித்தது. வட கரோலினா கொண்டுவந்த சட்டத்தை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அறுவைச் சிகிச்சை செய்வதுபோல் அத்தனை துல்லியமாகக் கறுப்பர் வாக்குகளைக் குறிவைத்திருக்கிறார்கள் என்றது. நிறம் தெரியாதவனுக்கு இந்தத் துல்லியம் எப்படி வந்துச்சு?

ஆசிய மாணவர்களின் குறை பொய் என்று நான் சொல்லவில்லை. குணநலன் என்ற பெயரில் ஹார்வர்டு போட்ட மதிப்பெண்ணில் அவர்களுக்குக் குறைவாகவே விழுந்திருக்கிறது. வழக்கில் வெளிவந்த கணக்கிலேயே அது இருக்கிறது. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருந்தது. 2009 முதல் 2014 வரை சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேல் விளையாட்டுக்காரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோரின் சிபாரிசுப் பட்டியல், பேராசிரியர் ஊழியர் பிள்ளைகள். அப்பன் படித்தான், மகனுக்கு இடம்! இதைப் பரம்பரை என்று நாம் சொல்வோம், அவர்கள் மரபுச் சேர்க்கை என்பார்கள். இந்த ஒதுக்கீட்டின் மேல் தீர்ப்பு கை வைக்கவில்லை. தகுதி திறமை அங்கே தலை குனிஞ்சு நின்னுக்கிச்சு.

இன்னொரு விஷயம் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது. ராணுவக் கல்லூரிகளைப் பற்றி இந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லையாம். அவற்றுக்குத் தனி நலன்கள் இருக்கலாமாம். சாகப் போகிற இடத்தில் மட்டும் கறுப்பன் தேவைப்படலாம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜாக்சன் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பை ஆதரித்துப் பக்கம் பக்கமாக எழுதிய கிளாரன்ஸ் தாமஸோ, இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்த்த காலத்தில் யேல் சட்டப் பள்ளியில் படித்தவர். ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

வங்கியில் லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் நான். பழைய லெட்ஜர் முடிந்து புதியதைத் திறந்தால் முதல் வரியில் ஓப்பனிங் பேலன்ஸ் வரணும். அதை விட்டுட்டு எல்லாக் கணக்கையும் சைபரில் தொடங்கினா அதுக்குப் பேர் சமத்துவமா? மோசடி. அமெரிக்காவில் இந்த மோசடி 1978இலேயே தொடங்கிவிட்டது. வழக்கின் பெயரே பாக்கி வழக்கு! டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 100 இடங்களில் 16ஐ ஒதுக்கி வைத்தது செல்லாது என்றார்கள். நூற்றாண்டுகளின் அடிமைத்தனத்துக்கு ஈடு செய்கிற பேச்சையே தள்ளிவிட்டு, பலவகை ஆட்கள் இருந்தால் வகுப்பறைக்கு நல்லது என்ற பேச்சைக் கொண்டுவந்து வைத்தார் நீதிபதி பாவெல். தர்குட் மார்ஷல் வரலாற்றை எடுத்து வைத்து வாதாடி எழுதினார், எடுபடவில்லை. கடன்பத்திரம் போச்சு, அலங்காரம் மிஞ்சியது. 2023இல் அந்த அலங்காரமும் கலைந்தது.

விளைவு என்ன? கலிபோர்னியா 1996லேயே 209ஆம் முன்மொழிவின் மூலம் இதைச் செய்து பார்த்தது. 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் கிட்டத்தட்ட 5,000 புது மாணவர்கள். அதில் கறுப்பர் 96 பேர். தீர்ப்புக்குப் பிறகு 2024இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர்களில் கறுப்பர் 5 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் 13.

சரி, நம்ம ஊரிலிருந்து போன ஆதிக்க சாதிக்காரர்களுக்கு இதில் என்ன பங்கு? நூறு வருசக் கதை அது. 1923இல் பகத் சிங் திந்த் என்பவர் குடியுரிமை கேட்டு இதே உச்ச நீதிமன்றத்தில் நின்றார். தான் உயர்சாதி இந்து, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையன் என்பது வாதம். கறுப்பனை அமெரிக்கன் எப்படிப் பார்க்கிறானோ, திருமண விஷயத்தில் உயர்சாதி இந்துவும் இந்தியப் பழங்குடியை அப்படித்தான் பார்க்கிறான் என்பதைத் தகுதிச் சான்றிதழாக நீட்டினார்கள். நாங்களும் ஒதுக்குகிறவர்கள்தான், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்! நீதிமன்றம் சேர்க்கவில்லை. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலருக்கும் அது பறிபோனது.

பிறகு கதவைத் திறந்தது யார்? 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட கறுப்பு மக்கள். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் இன ஒதுக்கல் நீங்கிய குடியேற்றச் சட்டம். அந்தக் கதவு வழியாகத்தான் நம்மூர் டாக்டர்களும் எஞ்சினியர்களும் போனார்கள். போனவர்கள் கூடவே சாதியையும் சூட்கேசில் மடித்து வைத்து எடுத்துப் போனார்கள்.

2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் ஆனது சியாட்டில். கலிபோர்னியா சட்டமன்றத்திலும் எஸ்.பி. 403 மசோதா இரு அவையிலும் நிறைவேறியது. இந்து அமைப்புகள் ஓடி ஓடி எதிர்த்தன. அமெரிக்காவில் சாதியே இல்லை, இல்லாததற்குச் சட்டம் போட்டு எங்களை அவமானப்படுத்துகிறீர்கள் என்றன. 1923இல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்த சாதி 2023இல் எங்கே ஒளிந்தது? இருக்கிற சட்டமே போதும், இது அவசியமில்லை என்று அக்டோபரில் கவர்னர் நியூசம் மசோதாவை நிராகரித்தார்.

எல்லாரும் அப்படி என்று சொன்னால் அநியாயம். ஹார்வர்டு வழக்கில் கறுப்பு மாணவர்களோடு நின்று சாட்சி சொன்ன ஆசிய மாணவர்கள் உண்டு. 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தவர்களுக்கு அந்த உறவு புதிதல்ல. நம் மாணவர் அமைப்புகள் அந்த மாணவர்களோடு பேச வேண்டும்.

அரசு ஒப்பந்தக்காரர்கள் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஜனாதிபதி ஜான்சன் 1965இல் போட்ட 11246ஆம் ஆணையை 2025 ஜனவரி 21 அன்று டிரம்ப் ரத்து செய்தார். இனி தகுதிக்கே முதலிடம் என்றார். தகுதி என்ற சொல் காதில் விழுந்தால் நம்மூர் அக்ரகாரத்துக்கும் அமெரிக்க அக்ரகாரத்துக்கும் ஒரே குளிர்ச்சி. செப்டம்பர் 19 அன்று அதே பேனா புதிய ஹெச்-1பி விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று எழுதியது. ஊருக்குப் புறப்பட்டு விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள், திரும்பி வர முடியாதோ என்று பயந்து பாதியில் இறங்கிய செய்தியும் வந்தது.