சாப்பாட்டுல கணக்குப் பார்க்கக் கூடாதாம்!

நாலு பேர் சேர்ந்து ஹோட்டலுக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் கேட்க வேண்டுமே! பிரியாணியில் பட்டை தூக்கல், சால்னாவில் தேங்காய் கம்மி, பரோட்டா இதழ் இதழாகப் பிரிந்தது, கொத்தமல்லி சட்னியில் என்னவோ போட்டிருக்கிறான்... அரை மணி நேரம் ஓடும். "அதெல்லாம் சரிப்பா, எவ்வளவு ஆச்சு?" என்று ஒருத்தர் கேட்டுப் பார்க்கட்டும். "தலைக்கு முந்நூத்திச் சொச்சம் வந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்று பதில் வரும்.

நினைக்கிறாராம்! பட்டை எத்தனை துண்டு கிடந்தது என்று எண்ணியவருக்கு, கொடுத்த பணம் எவ்வளவு என்று தெரியாது. கேட்டால், "சாப்பாட்டுல கணக்குப் பார்க்கக் கூடாதுங்க" என்று ஒரு தத்துவம் வேறு.

இந்தத் தத்துவம்தான் இங்கே பெரிய வில்லன். அது தப்பான தத்துவம் இல்லை, தப்பான இடத்தில் சொல்லப்படுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று பரிமாறுகிறவர் எண்ணக் கூடாது. கல்யாணப் பந்தியில் எதிர் இலையைப் பார்த்து இரண்டாவது வடை எண்ணக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் ஹோட்டலில் எண்ணுவதுதானே தொழிலே? மேஜையில் வைத்த வடை ஒன்றா இரண்டா என்று அவர்கள் எண்ணித்தான் பில் போடுகிறார்கள். அவர்கள் எண்ணலாமாம், காசு கொடுப்பவர் எண்ணினால் மட்டும் கஞ்சனாம். நல்லா இருக்கு நியாயம்.

மெஸ்களில் நடப்பதைப் பாருங்கள். இலை போட்டு, சோறு விழுந்து, குழம்பு ஊற்றும் நேரத்தில் ஒரு அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். சுக்கா, ஈரல், கோலா உருண்டை, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் எண்ணெய் மினுக்க மினுக்க. "என்ன வைக்கட்டும் சார்?" கை சோற்றில், வாயில் எச்சில். அந்தத் தட்டில் எல்லாம் இருக்கும், விலை மட்டும் இருக்காது. சுவரில் மாட்டிய பலகையிலும் மீனுக்கு நேரே "அளவைப் பொறுத்து" என்றுதான் இருக்கும். யாருடைய அளவு, எந்த அளவு? பில் வரும்போதுதான் வஞ்சிரத்தின் உண்மையான அளவு தெரியும் :-)

"அண்ணே, அது எவ்வளவு?" இரண்டே வார்த்தைதான் கேட்க வேண்டும். கேட்பதில்லை. கூட வந்த நண்பர்கள் என்ன நினைப்பார்கள், பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பாரே, அதிலும் பொண்ணு மாப்பிள்ளை, மாமனார் மாமியார் என்று கூட்டமாகப் போயிருந்தால் சுத்தம். துணிக்கடையில் நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற அதே ஆள், இலை முன்னால் உட்கார்ந்தால் ஜமீன்தார் ஆகிவிடுகிறார். தட்டில் விலைச் சீட்டு வைக்க ஆகும் செலவு ஒரு பேனா, ஒரு அட்டை. வைக்காமல் இருப்பதற்குக் காரணம் அட்டைப் பஞ்சமா?

இதே கூச்சத்தைக் கோட்டும் டையும் போட்டு உட்கார வைத்தால் அதற்குப் பெயர் சர்வீஸ் சார்ஜ். சென்னை, கோவை மாதிரி ஊர்களில், கொஞ்சம் பளபளப்பான, விளக்கைக் குறைத்து வைத்திருக்கும் இடங்களில் வரும். பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரி இருக்குமல்லவா, அவற்றுக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் இதுவும் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வார். ஒரு பைசா போகாது. அது கடைக்காரர் தானே போட்டுக்கொள்ளும் தொகை.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். நாலு பேர் சாப்பிட்டது 1,200 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 120. இப்போது 5 சதவீத ஜி.எஸ்.டி. போட வேண்டும். 1,200-க்கா போடுவார்கள்? 1,320-க்குப் போடுவார்கள், 66 ரூபாய். மொத்தம் 1,386. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,260-தான். ஆக 126 ரூபாய் கூடுதல். அதில் ஆறு ரூபாய், டிப்ஸுக்கே கட்டிய வரி! உலகத்தில் யாராவது டிப்ஸுக்கு வரி கட்டுவார்களா என்று கேட்டால், நம்ம சாப்பாட்டு ரசிகர்கள் கட்டுவார்கள். கட்டிவிட்டு, "அந்த இடத்துல ஆம்பியன்ஸ் சூப்பர்" என்பார்கள்.

இது கட்டாயம் இல்லை என்று அரசு இன்றைக்கா சொல்கிறது? 2017 ஏப்ரலிலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களே வெளியிட்டது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது, உணவோடு சேர்த்து மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. போடக் கூடாது. உணவக சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மாதமே தடை வாங்கின. வழக்கு கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓடி, 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. வழிகாட்டுதல்கள் செல்லும், கட்டாயமாக வசூலிப்பது சட்ட விரோதம், வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் ஆளுக்கு ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்றார் நீதிபதி. அதற்கு மேல்முறையீடும் போயிருக்கிறது. விடுவார்களா பின்னே.

சங்கங்கள் சொல்லும் வாதம் கேட்க உருக்கமாக இருக்கும். டிப்ஸ் என்றால் பரிமாறுகிறவருக்கு மட்டும்தான் போகும், உள்ளே வெங்காயம் நறுக்குபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோருக்கும் பங்கு கிடைக்கத்தான் சர்வீஸ் சார்ஜ் என்பார்கள். சரி ஐயா, நல்ல எண்ணம். அப்படியானால் சம்பளத்தைக் கூட்டுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் தோசை விலையைக் கூட்டுங்கள். யார் தடுத்தது? மெனு கார்டில் விலை வைக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. 300 ரூபாய் என்று போட்டால் உட்காருவதா எழுந்து போவதா என்று வருகிறவர் முடிவு செய்துகொள்வார். வாசலில் 270 என்று காட்டிவிட்டு, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு இன்னொரு 27 என்பதுதான் பிரச்சினை. கை கழுவிய பிறகு யாரும் எழுந்து போக முடியாது என்பதுதான் இதில் இருக்கும் ஒரே வியாபார நுட்பம்.

இன்னொரு கேள்வி. அந்த 120 ரூபாய் நிஜமாகவே பரிமாறியவர் கைக்குப் போனதா? பில்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கல்லாவில் விழுந்த பணம் கல்லாப் பணம். வாடிக்கையாளரோ "அதான் பில்லுலயே போட்டுட்டாங்களே" என்று டிப்ஸ் வைக்காமல் எழுந்துவிடுகிறார். கடைசியில் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிற ஆள், தண்ணீர் வைத்து, இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா சார்" என்று கேட்ட அந்த மனிதர்தான்.

இங்கேதான் நம் ஆட்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லி வீர வசனம் பேசி, மேனேஜரை வரவழைத்து, 126 ரூபாயை மிச்சம் பிடித்த பிறகு, சோம்புத் தட்டில் இரண்டு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த நாணயத்தையும் ஒரு கை சோம்பு அள்ளும்போது தள்ளி வைத்துவிட்டுத்தான் போவார்கள். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் டம்ளர்களை அடுக்கித் தூக்கி வருவதைப் பார்த்து 1964-லிருந்து கை தட்டிக்கொண்டிருக்கிற ஊர் இது. கை தட்டினால் போதுமா? எடுத்த பணத்தில் பாதியையாவது அவர் கையில் நேராகக் கொடுத்துவிட்டுப் போனால்தான் அந்தச் சண்டைக்கே அர்த்தம். மேஜை துடைக்கும் பையனை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், அவனையும் சேர்த்துத்தான்.

அடுத்தது ஜி.எஸ்.டி. ஹோட்டல் ஜி.எஸ்.டி. என்றால் நம் மக்களுக்கு ஒரே கருத்துதான், "கவர்ன்மென்ட் கொள்ளை அடிக்குது". அடிக்கட்டும், அது வேறு கச்சேரி. ஆனால் உங்கள் பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. கவர்ன்மென்ட்டுக்குத்தான் போகிறதா என்று முதலில் பார்த்தீர்களா?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஹோட்டலுக்கு 18. ஃபேன் பக்கம் உட்கார்ந்தால் ஒரு விலை, கதவைத் தள்ளி உள்ளே போனால் ஒரு விலை என்று மண்டை காய்ந்தது. அதே வருடம் நவம்பர் 15 முதல் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று ஆக்கினார்கள். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்கள் மட்டும் 18-லேயே நின்றன. பதிலுக்கு ஹோட்டல்காரர்களிடமிருந்து உள்ளீட்டு வரி வரவைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதாவது எண்ணெய்க்கும் கேஸுக்கும் வாடகைக்கும் அவர்கள் கட்டும் வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது. ஏன் பிடுங்கினார்கள்? அந்த லாபத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவே இல்லை என்றுதான் ஜி.எஸ்.டி. கவுன்சில் காரணம் சொன்னது. வரி குறைந்த அன்றைக்கே மெனு விலையை ஏற்றியவர்களும் உண்டு. சில பெரிய சங்கிலிக் கடைகள் மேல் லாபம் பதுக்கல் தடுப்பு ஆணையம் உத்தரவே போட்டது. தோசை பழைய விலைக்கே வந்து நின்றது. நம் ரசிகர் சட்னியை நக்கிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

இதைவிட முக்கியமானது சின்ன ஹோட்டல்கள். வருட விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் 'காம்பொசிஷன்' என்ற திட்டத்தில் சேரலாம். கணக்கு வழக்கு சுலபம். மொத்த விற்பனையில் 5 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். ஒரே நிபந்தனை, அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டும். கடையில் பலகை மாட்ட வேண்டும், பில்லிலும் வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று அச்சடிக்க வேண்டும். அப்படி ஒரு மெஸ்ஸில் 100 ரூபாய் சாப்பாட்டுக்கு 105 வாங்கினால் அந்த ஐந்து ரூபாய்க்குப் பெயர் வரி இல்லை. பதிவே செய்யாத கடை வாங்கினால் இன்னும் மோசம்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வரி போட்ட பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் ஆரம்பிக்கும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 'வரி செலுத்துவோரைத் தேடு' பகுதியில் போட்டால் கடை பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா, சாதாரணப் பதிவா காம்பொசிஷனா எல்லாம் வந்துவிடும். ஃபில்டர் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. எண்ணே இல்லாமல் வரி மட்டும் இருந்தால் காபியை மெதுவாகக் குடித்துவிட்டே கல்லாவுக்குப் போகலாம்.

கணக்குப் பார்க்கிறேன் என்று தப்பாகப் பார்க்கிறவர்களும் உண்டு. தண்ணீர் பாட்டிலில் எம்.ஆர்.பி. 20, ஹோட்டலில் 40 வாங்கிவிட்டான், கேஸ் போடுவேன் என்று குதிப்பார்கள். குதிக்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம், அது வெறும் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது, எடையளவுச் சட்டம் இதில் வராது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிடிக்கிறதோ இல்லையோ சட்டம் அதுதான். (இருக்கையும் ஏ.சி.யும் ஏற்கெனவே பாட்டில் விலையில் வந்துவிட்டால், அப்புறம் தனியாக எதற்கு சர்வீஸ் சார்ஜ் என்று கேட்கலாம், அது நல்ல கேள்வி.) இதற்கு மருந்து வழக்கு இல்லை. சர்வர் பாட்டிலைத் திறப்பதற்கு முன், "சாதா தண்ணி குடுங்கண்ணே" என்று சொல்வது. மூடி திறந்த பிறகு சொன்னால் வேலைக்கு ஆகாது.

பார்சல் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. செயலியில் ஆர்டர் போடுகிறவர்கள் ஒரே ஒரு நாள், அதே கடைக்கு நேரில் போய் அதே அயிட்டத்தின் விலையைப் பார்த்துவிட்டு வரட்டும். பக்கத்துத் தெருக் கடை என்றால் ஒரு தூக்குச்சட்டி போதும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த புதிதில் பாத்திரம் கொண்டு வந்தால் தள்ளுபடி என்று சில கடைகளில் பலகைகூட வைத்தார்கள். பலகை போய்விட்டது, பேக்கிங் சார்ஜ் நின்றுவிட்டது.

ஆகவே சாப்பாட்டு ரசிக மகாஜனங்களே, அடுத்த தடவை ஒரு மெஸ்ஸைப் பற்றி நாலு பேரிடம் அளக்கும்போது சுக்காவின் மிளகை வர்ணியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே சுக்கா எவ்வளவு, தட்டு வரும்போது விலை சொன்னார்களா, ரசம் இரண்டாம் தடவை கேட்டால் முகத்தைச் சுளித்தார்களா, பில்லில் என்னென்ன வரிகள் இருந்தன என்பதையும் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். பில்லைச் சோம்புத் தட்டிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.