வெளியே போக மூன்று வாசல், உள்ளே வர ஒரே வாசல்

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி. கலிபோர்னியாவில் இருக்கும் நம் வீட்டுப் பையன் பள்ளி முடித்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான், இரண்டு வருடம் கழித்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிசினஸ் படிப்புக்கு மாற முயற்சி செய்வான் என்று அவன் அப்பா எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில்களைப் படித்தால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசுவது போல இருந்தது. "மனசை விட்டுடாதே தம்பி", "மார்க் குறைஞ்சிடுச்சா?", "அடுத்த வருஷம் நல்ல காலேஜ் கிடைக்கும்". ஒருவர் கைகூப்பும் பொம்மை மட்டும் போட்டிருந்தார்!

அந்தப் பையன் போகும் வழி குறுக்கு வழி அல்ல, ராஜபாட்டை. கலிபோர்னியா மாநிலம் 1960-லேயே ஒரு பெருந்திட்டம் போட்டு, பள்ளியில் முதல் வரிசையில் வராத பிள்ளையும் ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, தேறி, பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம் என்று வகுத்து வைத்தது. இன்று அங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள். புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தால் மாறி வரும் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்கு வைத்திருக்கும் இலக்கு. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பட்டியலே இணையத்தில் கிடக்கிறது. பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளியும் இப்படி வருகிறவர்களை எடுக்கிறது. கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது, போட்டி கடுமை. ஆனால் வரிசையில் நிற்கவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. முதல் இரண்டு வருடம் கட்டணமும் பல மடங்கு குறைவு. ஆக, துக்கம் விசாரித்தவர்கள் தயவுசெய்து வாழ்த்துச் சொல்லிவிடுங்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எனக்குக் கோபம் இங்கேதான்.

கலவைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். என்னிடம் ஐந்தாவது வரை படித்தவள். அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறவர், அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் கமர்ஷியல் பிராக்டிஸ் டிப்ளமோ மூன்று வருடம் படித்தாள். கணக்குப்பதிவியல், டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, கம்ப்யூட்டர், அலுவலகக் கடிதம் எல்லாம் கற்று முதல் வகுப்பில் தேறினாள். பி.காம். படிக்க ஆசை. நம் பக்கத்தில் பெயர் பெற்ற ஒரு கல்லூரிக்கு (பெயர் வேண்டாம்) சான்றிதழ்களோடு போனாள். "முதல் வருஷத்துல சேர்றதுன்னா சேரும்மா. இரண்டாம் வருஷமெல்லாம் இங்க கிடையாது" என்று அலுவலகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்க் பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதே பாலிடெக்னிக்கில், அதே வருடம் மெக்கானிக்கல் முடித்த பையன் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகப் போய் உட்கார்ந்தான். அவனுக்கு அரசே கலந்தாய்வு நடத்துகிறது. காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரியில் இந்தக் கலந்தாய்வு பல வருடம் நடந்ததும், நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி பஸ் பிடித்துப் போய்வந்ததும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோ இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவனும் போகலாம். பி.எஸ்சி. முடித்தவன்கூட பி.இ. இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். இரும்பும் மின்சாரமும் படித்தவனுக்கு ஏணி வைத்திருக்கிறோம், கணக்கும் வணிகமும் படித்தவளுக்கு ஏன் இல்லை?

இல்லவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். கமர்ஷியல் பிராக்டிஸ் முடித்தவர்கள் அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம். இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர வழி உண்டு. அது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பொறியியல் சேர்க்கை என்றால் டி.வி.யில் பட்டிமன்றமே நடக்கிறது. இதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வரிசை கட்டி நிற்கிற பெயர்பெற்ற கல்லூரிகளிலோ இந்தப் பேச்சையே காணோம்.

மேலே போகப் போக நிலைமை இன்னும் வேடிக்கை. இந்தூர் ஐ.ஐ.எம். 2011-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக ஐந்து வருட மேலாண்மைப் படிப்பைத் தொடங்கியது. நல்ல படிப்பு, குறை சொல்லவில்லை. மூன்று வருடத்தில் வேண்டாம் என்றால் பட்டத்தோடு வெளியேறலாம். ஆனால் உள்ளே வர, பதினேழு பதினெட்டு வயதில் எழுதும் நுழைவுத் தேர்வு ஒன்றுதான் வழி. அதற்குக் கோச்சிங் நகரங்களில் நடக்கிறது. கலவையில் நடக்கிறதா?

2020 தேசியக் கல்விக் கொள்கையில் பலமுறை நுழையலாம், பலமுறை வெளியேறலாம் என்று எழுதினார்கள். ஒரு வருடத்தில் போனால் சான்றிதழ், இரண்டில் போனால் டிப்ளமோ, மூன்றில் பட்டம். பாதியில் போகிறவன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்புவது இடைநிற்றலுக்கு மரியாதையான பெயர் வைப்பது என்று நம் மாநிலத்தில் எதிர்த்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஏழைப் பெண் ஒரு முறை வெளியேறினால் திரும்பி வருவாள் என்று நம்ப நான் தயாராக இல்லை. ஆனால் எதிர்த்த வேகத்தில் நுழையும் பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. அது டெல்லிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அவர்கள் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் அந்த வாசலில் போய்க்கொண்டிருந்தார்கள். கம்யூனிட்டி காலேஜும் நமக்குப் புதிதல்ல. 1995-லேயே பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் வேலைக்குப் போவது பற்றி நிறையப் பேசினோம். மேலே படிக்கப் போவது பற்றிப் பேசினோமா?

கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். "தரம் கெட்டுப் போகும் டீச்சர்" என்றான். அவன்மேல் எனக்கு அன்பு உண்டு, அதனால் இங்கே எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன். பி.இ.-யில் நேரடியாகச் சேரும் டிப்ளமோ பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் தடுமாறுவது உண்மை. அதற்காக வாசலைச் சாத்தினார்களா? தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வணிகவியலில் ஒரு பெண்ணுக்கு இருப்புநிலைக் குறிப்புப் போடத் தெரியுமா தெரியாதா என்று ஒரு மணி நேரப் பரீட்சையில் கண்டுபிடித்துவிடலாம். பரீட்சை வையுங்கள், தோற்றால் அனுப்பிவிடுங்கள். பரீட்சையே வைக்காமல் தரத்தைப் பற்றிப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது, பாடத்திட்டம் பொருந்தாது என்றான். தன்னாட்சிக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்திட்டம், அது சரிதான். ஆனால் 2023-ல் உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டதே, அதையும் டிப்ளமோ பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு பேராசிரியர்களுக்கு எத்தனை நாள் ஆகும்? 116 கல்லூரிகளுக்கு அங்கே செய்திருக்கிறார்கள்.

ஒரு வருடம்தானே, முதலிலிருந்து படித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அது ஒரு வருடம். அந்தப் பெண் வீட்டில் அது ஒரு வருடச் சம்பளம், ஒரு வருட பஸ் காசு. அதைவிட, "இருபத்தொண்ணு ஆகுது, இன்னும் என்ன படிப்பு?" என்று ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வரும் மாமா. பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது மூளை போதாமல் இல்லை, காலம் போதாமல்தான். நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றதில் இது எனக்கு நன்றாகத் தெரியும். (நானும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்றவள்தான். இரண்டு வருடம் படித்த உளவியலுக்குப் பட்டப்படிப்பில் ஒரு தாளுக்குக்கூட விலக்கு இல்லை என்றார்கள். விட்டுவிட்டேன். அது பழைய கதை.)

அந்தப் பெண் இப்போது ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறாள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அவள் கையால்தான் போகிறது. இரவில் தபால் வழியில் பி.காம். முதல் வருடப் புத்தகத்தைத் திறந்து, பற்று என்றால் என்ன, வரவு என்றால் என்ன என்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

கல்லூரிகளில் இருக்கும் என் மாணவர்களே, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், வேலூர் எங்கிருந்தாலும் சரி, உங்கள் கல்லூரி கல்விக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பி.காம்., பி.பி.ஏ. இரண்டாம் வருடத்தில் வகுப்புக்கு ஐந்து இடம். நின்றுபோனவர்களின் காலி இடங்களே அதற்குப் போதும்.

பெற்றோர்களே, டிப்ளமோ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் மார்க் பட்டியலோடு பாடத்திட்டப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அரசு கலைக் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டு பற்றிக் கேளுங்கள். மற்ற கல்லூரியில் முடியாது என்றால் வாய்ப்பேச்சாக விடாமல், மனு கொடுத்து, பதிலை எழுத்தில் கேளுங்கள். கிடைத்த பதிலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பத்துச் சேர்ந்ததும் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.