"எந்த ஏரியா தம்பி?"

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். இடம் செம்பாக்கம் ஏரிக்கரை. ஐந்து மாணவர்கள், ஒரு மாணவி. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கேமரா, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், பேட்டரியில் எரியும் ஒரு எல்.இ.டி. விளக்கு, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. மொத்தப் படக்குழுவும் இவ்வளவுதான். விஸ்காம் படிக்கும் ஒருவன் செமஸ்டருக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் அவன் நண்பர்கள்.

பாட்டை அவர்களே எழுதினார்கள். கானா மெட்டு, நடுவில் கொஞ்சம் ராப். நகரத்துக்குள் கால்வாய் ஓரம் இருந்த வீட்டை இடித்துவிட்டு, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பாட்டு. பாடுகிற பெண்ணுக்கு அது சொந்தக் கதை.

மாலை நேரப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவதால் எனக்கு அவர்களைத் தெரியும். "அக்கா, நீங்க கூட வந்தாதான் அவங்க வீட்ல விடுவாங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

சென்னைக் குளிரைச் சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏரிக்காற்றில் மெல்லிய பருத்திச் சேலையோடு நின்று பார்த்தால் தெரியும். வீட்டை இடித்தது கத்திரி வெயிலில் என்பதால் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடிக்க முடியாது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஒருவன் ஓடிவந்து தன் ஜாக்கெட்டை அவள் மேல் போர்த்துவான். அடுத்த டேக் என்றதும் கழற்றிக் கொடுப்பாள். ஸ்பீக்கரில் அவள் குரலே ஓடும், அதற்கு வாயசைக்க வேண்டும். உதடு நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வானம் நீலமாக இருப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் கேமராவுக்கு வாடகை கொடுத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, வாக்கிங் வந்த ஒரு பெரியவர் நின்றார். "எந்த ஏரியா தம்பி?"

பையன் மறைக்காமல் பெரும்பாக்கம் என்றான். பெரியவர் வேறெதுவும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய் போன் பேசினார். பத்து நிமிடத்தில் ரோந்து பைக்கில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். "பர்மிஷன் இருக்கா? எந்த ஏரியாடா நீங்க?" பதில் வந்ததும் அடுத்த கேள்வி: "அங்கயே எடுக்க வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க?"

ஐம்பது அடி தள்ளி இன்னொரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். தலைக்கு மேலே ட்ரோன், காலடியில் கலர் புகை, சத்தமாகப் பாட்டு. அவர்களை யாரும் ஏரியா கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். என் பேச்சில் ஆங்கிலம் தானாகவே ஏறிக்கொண்டது. "மேடம், முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் வானம் கறுத்துவிட்டது.

திரும்பி வரும்போது பாடிய பெண் கேட்டாள்: "அக்கா, உங்க கார்டு இல்லாம நாங்களா வந்திருந்தா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் சட்டம் பேசுவோம். 1924ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போராடிப் பெற்றது என்ன? பொதுச் சாலையில் நடக்க, பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரிமை உண்டு என்ற அரசாணை. 1927ல் மகாடில் பாபாசாகேப் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியது தாகத்துக்காகவா? பொது என்று எழுதிவைத்த இடம் உண்மையிலேயே பொதுதானா என்று சோதிக்க. அந்தப் போராட்டம்தான் பிறகு அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவில் எழுத்தாக நிற்கிறது: கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது. ஏரிக்கரை நடைபாதை பொதுமக்கள் கூடும் இடம் இல்லையென்றால் வேறு எது? 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், நீர்நிலையையும் பாதையையும் பிறருக்குச் சமமாக நாம் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் அந்தக் காவலர்மேல் ஒரு புகார்கூட எழுத முடியவில்லை? ஏனென்றால் யாரும் சாதி கேட்கவில்லை. ஏரியாதான் கேட்டார்கள்.

நகரம் கண்டுபிடித்த சாமர்த்தியம் இது. ஊரில் "நீ எந்தத் தெரு?" என்பார்கள். இங்கே "எந்த ஏரியா?" என்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னைக்குள் இருந்த குடிசைப்பகுதி மக்களை அள்ளிக்கொண்டுபோய் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்தார்கள். அடுக்கிவைத்த பிறகு அந்த முகவரியே சாதிச் சான்றிதழாகிவிட்டது. வேலைக்குப் போன இடத்தில் முகவரி சொன்னதும் முகம் மாறிய கதையைக் களப்பணியில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்து வேலை வாங்கிய பிள்ளைகளைத் தெரியும். சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கலாம், வழக்கும் வராது. அதற்குத்தான் இந்தக் கேள்வி.

எம்.ஏ. வகுப்பில் ஹேபர்மாஸின் 'பொதுவெளி' பற்றிப் படித்தோம். ஐரோப்பாவின் காபிக்கடைகளில் அந்தஸ்தை ஒதுக்கிவைத்துவிட்டு மனிதர்கள் விவாதித்தார்களாம், அங்கேதான் பொதுவெளி பிறந்ததாம். நம் சென்னையிலும் காபி ஓட்டல்கள் இருந்தன, பஞ்சமர்களுக்கு இடமில்லை என்ற பலகையோடு. நம் ஊரில் பொது என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பலகை தொங்குகிறது. இப்போது அதில் எழுத்து இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏரி யாருடையது என்றும் கேட்டுவிடுவோம். இன்றைக்குத் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்திருக்கும் செம்பாக்கம், அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்து விவசாய கிராமம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் திரெமென்ஹீர் 1891ல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலத்தில் உழைக்கிற பறையர்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருக்கிறது என்று எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892ல் பஞ்சமி நில அரசாணை வந்தது. இந்தப் பக்கத்து ஏரிகளில் கரை உடையாமல் இரவெல்லாம் காவல் காத்து, மடை திறந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் யார்? பெரும்பாலும் நம் முப்பாட்டன்கள். வயல் மனையாகி, மனை அபார்ட்மென்டாகிவிட்டது. நேற்று ஃப்ளாட் வாங்கியவர் இன்றைக்கு ஏரிக்குச் சொந்தக்காரர். காவல் காத்தவனின் பேத்தி வெளியாள்.

இனி மார்கழிக்கு வருவோம். மார்கழி என்றாலே இசை என்கிறார்கள். எந்த இசை, எங்கே? 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் கச்சேரி சீசன் அப்படித்தான் வளர்ந்தது. நூறு வருடம்கூட ஆகாத வழக்கம் இது. அதற்கு அரங்கம் உண்டு, மைக் உண்டு, கேன்டீன் உண்டு. நல்லது, பாடட்டும். ஆனால் நம் பாட்டுக்கு என்ன இருக்கிறது? கானா சாவு வீட்டு வாசலில் வளர்ந்தது. பறை தெருவில் ஒலித்தது. நமக்கு எப்போதும் வெட்டவெளிதான் அரங்கம். 2018 ஜனவரி 6ஆம் தேதி, மார்கழி முடியும் முன்பே, கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லைத்தான் அவர்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் கானா பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. இந்த ஆறு பிள்ளைகளும் வளர்ந்தது அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான்.

நம் பாட்டு இவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும். நம் தெருவும் வேண்டும். பெரிய படக்குழு கேரவனோடு வந்து நம் வீட்டுச் சுவரில் சாயம் பூசிப் படம் எடுத்தால் அது 'லோக்கல் ஃபீல்'. நம் ஆள் வேண்டாம் என்பதுதான் பிரச்சினை. 2021ல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. நிலமற்ற பாட்டன் பாட்டிகளின் கதையை அதில் எழுதிப் பாடியவர் அறிவு. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அந்தப் பாட்டைப் பேசி அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. கேட்டால்தான் வரும் என்பதே ஒரு தீண்டாமை.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, அனுமதி வாங்கினால் போச்சு" என்பார்கள். விதி ஒன்றென்றால் ட்ரோன் விட்டவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும். "ஏரிக்கரையில் குடிக்கிறார்கள், கஞ்சா அடிக்கிறார்கள்" என்பார்கள். உண்மை, குடிக்கிறார்கள். குடிப்பவனைப் பிடியுங்கள். பாடுகிறவளின் முகவரியைக் கேட்டுக் குடிகாரனைக் கண்டுபிடிக்க முடியாது. "சத்தத்தில் பறவைகள் பயப்படும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பறவைமேல் அக்கறை இருந்தால் சந்தோஷம். ஏரியில் விழும் கழிவுநீரைப் பற்றியும் அதே போனில் புகார் செய்யட்டும்.

என் மேலும் குற்றம் இருக்கிறது. அட்டையை நீட்டியபோது நான் அந்தப் பிள்ளைகளின் உரிமையைக் காப்பாற்றவில்லை. உரிமைக்குப் பதில் சலுகை வாங்கிக் கொடுத்தேன். படித்த, அட்டை வைத்திருக்கிற ஓர் அக்கா கூட இருந்தால் ஏரிக்கரையில் நிற்கலாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டேன். 15(2)ஐச் சொல்லியிருக்க வேண்டும். "எந்தச் சட்டத்தில் ஏரியா கேட்கிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். நம்மில் படித்தவர்கள் பலர் செய்யும் தவறு இது. கதவை உடைக்காமல் நம் சாவியால் திறந்துவிட்டு, உதவி செய்ததாக வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஆகவே கேட்கிறோம். வணிக நோக்கமில்லாத மாணவர் படப்பிடிப்புக்குப் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் அனுமதியும் கட்டணமும் வேண்டாம் என்று தாம்பரம் மாநகராட்சி தீர்மானம் போடட்டும். மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களை மாலை நேரத்தில் பாட்டு, பறை, நாடகப் பயிற்சிக்கு இலவசமாகத் திறந்துவிடட்டும். பொது இடத்தில் நிற்கும் இளைஞர்களை முகவரி கேட்டுத் தரம் பிரிக்கக் கூடாது என்று காவல்துறை தன் ஆட்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்கட்டும்.

அந்த வீடியோவை அவர்கள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். கடைசிச் சரணம் மட்டும் இருட்டில், எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. அவள் முகம் தெரிகிறது, பின்னால் ஏரி தெரியவில்லை. ஏன் இப்படி என்று கல்லூரியில் கேட்டார்களாம். வெளிச்சம் போய்விட்டது என்று சொன்னானாம்.

வருகிற மார்கழியில் அந்தச் சரணத்தை மறுபடி எடுக்கப் போகிறார்கள், அதே கரையில், அதே நேரத்தில். நானும் போவேன். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, 15(2)ஆம் பிரிவைத் தமிழில் அச்சடித்து ஆறு பேர் கையிலும் கொடுத்துவிட்டுப் போவேன். யாராவது ஏரியா கேட்டால், பதிலுக்கு அதைப் படித்துக் காட்டுவார்கள்.

ஜெய்பீம்.