யாருடைய கணக்கு இந்த 99.8?

உலகச் சந்தைக்கு வரும் வைரங்களில் 99.8 சதவீதம் மோதலோடு தொடர்பில்லாதவை என்று வைரத் தொழில்துறையின் அமைப்பான உலக வைர மன்றம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மாநாட்டு மேடையில் பேசுபவரும் நகைக்கடைக் கவுண்டரில் நிற்பவரும் அதையே ஒப்பிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரு தொழில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை உலகமே நம்பிவிட்டது.

வைர ஏற்றுமதிக்கு அரசுகள் சான்றிதழ் தரும் கிம்பர்லி சான்றுமுறைதான், போருக்குப் பணம் தந்த ‘ரத்த வைரத்தை’ ஒழித்தது என்கிறார்கள். தேதிகளைப் பார்த்தாலே போதும். சியரா லியோனில் 1991இல் தொடங்கி வைரப் பணத்தில் நடந்த உள்நாட்டுப் போர் 2002 ஜனவரியில் முடிந்தது. அங்கோலாவில் யுனிட்டா கிளர்ச்சிப் படையின் தலைவர் ஜோனாஸ் சவிம்பி 2002 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். ஏப்ரலில் போர்நிறுத்தம் வந்தது. கிம்பர்லி சான்று நடைமுறைக்கு வந்ததோ 2003 ஜனவரியில். சியரா லியோனில் பிரிட்டிஷ் ராணுவம் தலையிட்டது, ஐ.நா. அமைதிப்படை நின்றது, தடைகள் வந்தன, அந்த மக்களே போரில் களைத்துப் போனார்கள். அப்படி ஓய்ந்த போருக்கான புகழை, போர் முடிந்தபின் அச்சான ஒரு தாள் எடுத்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய மோசடி, எது மோதல் வைரம் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வரையறையில் இருக்கிறது. சட்டப்பூர்வ அரசைக் கவிழ்க்கக் கிளர்ச்சிப் படை நடத்தும் போருக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கல் மட்டுமே மோதல் வைரமாம். அரசின் ராணுவமே சுட்டால்? அந்தக் கல் சுத்தம். இந்த வரையறை எதற்குப் பயன்படும் என்று ஜிம்பாப்வேயின் மராங்கே காட்டியது. அங்கே 2006இல் பரவலாக வைரம் கிடைத்தது. வேலையில்லாத ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் சல்லடையுமாகத் திரண்டார்கள். 2008 அக்டோபர் இறுதியில் ராணுவம் இறங்கியது. ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும் சுட்டார்கள். மூன்று வாரங்களில் 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. பிறகு அதே வீரர்கள் சுற்றுவட்டார மக்களை, குழந்தைகள் உட்பட, கட்டாயப்படுத்தித் தோண்ட வைத்தார்கள். கிம்பர்லி அமைப்பு என்ன செய்தது? சில காலம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2011 நவம்பரில் கின்ஷாசாவில் கூடி மராங்கே வைரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிணங்கள் விழுந்த அந்த மண்ணின் கற்களும் இன்று 99.8க்குள் அடக்கம்.

இந்த அமைப்பை உருவாக்கப் போராடிய குளோபல் விட்னெஸ், 2011 டிசம்பரில் வெளியேறியது. முன்பு பார்ட்னர்ஷிப் ஆப்பிரிக்கா கனடா என்ற பெயரில் இயங்கிய இம்பாக்ட் 2017இல் வெளியேறியது. கட்டிய கைகளே விட்டுப் போன வீட்டைக் காட்டி, இது பலமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? எல்லா அரசுகளும் ஒப்புக்கொண்டால்தான் கிம்பர்லி அமைப்பில் முடிவு. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வைரம் பற்றிய விவாதத்தை நிகழ்ச்சி நிரலில்கூட ஏற்ற முடியவில்லை.

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது பொட்டலத்துக்குத் தரப்படுவது, கல்லுக்கு அல்ல. வழியில் பல நாட்டுக் கற்கள் கலந்துவிட்டால் ‘கலப்பு மூலம்’ என்று எழுதிக்கொள்ளலாம். பட்டை தீட்டியபின் அந்தச் சான்றுக்கு வேலையே இல்லை. கடத்தலையும் அது தடுக்கவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஏற்றுமதியை 2013 மே மாதம் நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் சுமார் 1,40,000 காரட் கடத்தப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது.

கடைசியாக ஒரு வாதம் வைக்கிறார்கள், எனக்கு மிகவும் வலிக்கும் வாதம்: சிறு அளவில் தோண்டுபவர்கள்தான் கடத்தலுக்கு ஊற்றுக்கண், பெரிய இயந்திரச் சுரங்கத்தில் வாங்கினால் பிரச்சினை இல்லை. ஆனால் சியரா லியோனின் கோனோ மாவட்டத்துப் பெரிய சுரங்கத்தில் வெடி வைப்பதை எதிர்த்து 2007 டிசம்பரில் ஊர் மக்கள் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதே கோனோவில் தோண்டுபவரின் நாளைப் பாருங்கள். மேல்மண்ணை வெட்டி எறிந்து, கீழே இருக்கும் சரளையை அள்ளி, இடுப்பளவு சேற்றுநீரில் நின்று வட்டச் சல்லடையைச் சுழற்றுகிறார். கனமான கற்கள் நடுவில் ஒதுங்கும். அங்கேதான் அவர் கண் தேடும். முதல் போட்டவர் தருவது தினம் இரண்டு குவளை அரிசி, கொஞ்சம் காசு, கல் கிடைத்தால் ஒரு பங்கு. கிடைத்த கல்லின் விலையை வாங்குபவர்தான் சொல்வார். இவரை ஒதுக்கிவிட்டால் அந்தக் கல் கடத்தல்காரன் கைக்குத்தான் போகும்.

இவர்களோடு நேர்மையாக வியாபாரம் செய்ய முடியும். சியரா லியோன் 2001இல், 3 சதவீத ஏற்றுமதி வரியில் கால் பங்கை வைரம் தோண்டும் ஊர்களுக்கே திருப்பித் தரத் தொடங்கியது. 2017இல் கோனோவில் ஒரு போதகரின் ஆட்கள் 709 காரட் கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அவர் அதை ஒளிக்காமல் அரசிடம் ஒப்படைத்தார். நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது, அதில் பாதிக்கு மேல் அரசுக்குச் சேர்ந்தது. பெரிய வைர நிறுவனமான டி பியர்ஸின் ஜெம்ஃபேர் திட்டம் 2018இல் அதே மாவட்டத்தில் உரிமம் பெற்ற சிறு சுரங்கங்களிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. டி பியர்ஸால் முடிந்ததென்றால் மற்றவர்களாலும் முடியும்.

உலகின் பத்தில் ஒன்பது வைரங்கள் சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. அதனால் இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. அடுத்த முறை கடையில் மோதிரம் பார்க்கும்போது சான்றிதழைக் கேட்காதீர்கள், பட்டை தீட்டிய கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்தக் கல்லை எந்த ஊரில் எடுத்தார்கள், எடுத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.