கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

மாற்றுச் சிறுநீரகத்தோடு ஏழெட்டு ஆண்டுகளாக நல்லபடியாக இருக்கும் ஒருவருக்கு நெஞ்சுச் சளி, இருமல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெரு மருத்துவர் ஐந்து நாளைக்குக் கிளாரித்ரோமைசின் எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இதில் ஒரு தவறும் தெரியாது. ஆனால் சில நாட்களிலேயே அவருக்குக் கை நடுங்கலாம், தலை வலிக்கலாம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறலாம். உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்க அவர் காலையும் மாலையும் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து சிதையாமல் ரத்தத்தில் தேங்கி, காக்க வேண்டிய சிறுநீரகத்தையே கெடுக்கத் தொடங்கியிருக்கும். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினை எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வந்திராது. “வேறு என்ன மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவரோ கடைக்காரரோ கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை எழுதுபவருக்கும் விற்பவருக்கும் உரியது. அதை நோயாளியின் ஞாபகசக்தியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கி மருந்துகளுக்குப் பாதுகாப்பான எல்லை மிகக் குறுகியது. கொஞ்சம் குறைந்தால் உடல் மாற்று உறுப்பை அந்நியனாகக் கண்டு தாக்கும். கொஞ்சம் கூடினால் சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்படும். இந்த இரண்டு மருந்துகளையும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ‘சைப் 3ஏ4’ என்ற நொதிதான் உடைத்து வெளியேற்றுகிறது. கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல், ரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம் ஆகியவை அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகின்றன, அளவு ஏறுகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் நொதியை முடுக்கிவிடுகின்றன, அளவு சரிகிறது. ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் முடுக்கம் அடங்க இரண்டு வாரம் போல ஆகும். அதை ஈடுகட்ட உயர்த்திய டாக்ரோலிமஸை அப்போது மறுபடி குறைக்காவிட்டால் எதிர்த்திசையில் ஆபத்து வரும். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் இதை எப்போதோ நடக்கும் அபூர்வம் என்று தள்ளிவிட முடியாது. வலி மாத்திரையின் வழி வேறு: டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தை நேரடியாகவே பாதிக்கும். மூட்டு வலி என்று சொன்னதும் சீட்டில்லாமல் கைக்கு வருவதும் இவைதான்.

இந்த மோதல்களை அறிவியல் நேற்றுதான் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. அசாதியோபிரின் என்ற பழைய அடக்கி மருந்தும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினாலும் கெர்ட்ரூட் எலியான், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரின் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அசாதியோபிரினின் தாய்ச் சேர்மம் உடலில் சீக்கிரம் சிதையாமல் தடுக்க உதவுமா என்று பார்க்கத்தான் அல்லோபியூரினாலையே முதலில் சோதித்தார்கள். அவர்களுக்கு 1988-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டையும் குறைக்காத அளவில் சேர்த்துக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும் என்பது பல பத்தாண்டுகளாகப் பாடநூலில் இருக்கிறது. டில்டியாசெம் அளவை ஏற்றும் குணத்தைப் பயன்படுத்தி, விலை உயர்ந்த அடக்கி மருந்தின் அளவைக் குறைத்து நோயாளியின் செலவை மிச்சப்படுத்திய மருத்துவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. தெரிந்து, ரத்த அளவைப் பார்த்துச் சேர்த்தால் அது சிகிச்சை. தெரியாமல் சேர்ந்தால் விபத்து. அறிவு மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. விபத்து தெருக்கடையில் நடக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். கிரேப்ஃப்ரூட் சாறு மருந்தின் அளவை ஏற்றும் என்பது 1989-இல் கனடாவில் தற்செயலாகத் தெரியவந்தது. மதுவும் ஒரு ரத்த அழுத்த மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வில், மதுவின் சுவையை மறைக்க அந்தச் சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. அந்தப் பழம் நம் ஊரில் அதிகம் இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸ் நம் சந்தையில் கிடைக்கிறது. அதைச் சாப்பிட்ட ஒரு சிறுநீரக மாற்று நோயாளிக்கு டாக்ரோலிமஸ் அளவு ஏறியதை ஜப்பானிய மருத்துவர்கள் 2003-இல் பதிவு செய்தார்கள். இளநீர் இன்னொரு வகை ஆபத்து. டாக்ரோலிமஸ் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். ஒரு பெரிய தம்ளர் இளநீரிலோ சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இப்படிப் பட்டியல் போட்டால் நோயாளி எதைத்தான் சாப்பிடுவார், பயமுறுத்துகிறீர்கள் என்ற மறுப்பு நியாயமானதே. நீளமான பத்தியப் பட்டியல்தான் உண்மையில் கெடுதல். எல்லாவற்றுக்கும் பயந்தவர் கடைசியில் எதையும் கடைப்பிடிக்கமாட்டார். சாம்பாரில் போடும் மஞ்சளை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. தினமும் கரண்டி கரண்டியாக மஞ்சள்பொடி சாப்பிட்டு, டாக்ரோலிமஸ் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவரைப் பற்றிய மருத்துவப் பதிவு உண்டு. ஆபத்து அந்த அளவில் இருக்கிறது. மஞ்சள் காப்ஸ்யூலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மூலிகையைப் பற்றிப் பேசினாலே சித்த மருத்துவத்தைப் பழிப்பதாகச் சிலர் வருந்துகிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர்மாறு. மூலிகைக்கு வீரியம் உண்டு என்று நம்புகிறவர்கள், அந்த வீரியம் இன்னொரு மருந்தோடு மோதும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சைக்ளோஸ்போரின் அளவைச் சரித்து, இதய மாற்று செய்துகொண்ட இருவருக்கு நிராகரிப்பை உண்டாக்கியதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். கொரோனா காலத்தில் வீடுவீடாகக் கொடுத்த கபசுரக் குடிநீரில் சீந்தில் இருக்கிறது. சீந்திலை மக்கள் நாடுவதே அது எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்றுதான். எதிர்ப்பாற்றலை அடக்கியே உயிர்வாழும் ஒருவருக்கு அதைத் தூண்டும் குடிநீரைக் கேள்வி கேட்காமல் நீட்டுவது எந்த வைத்திய மரபுக்கும் பெருமை தராது. நாடி பார்த்து, ஆளுக்கேற்ப மருந்து கொடுத்த மரபு சித்த மருத்துவம்.

மருத்துவமனையில் எல்லாம் சொல்லித்தானே அனுப்புகிறார்கள், ரத்தப் பரிசோதனையும் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். சொல்கிறார்கள், உண்மை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளின் பரபரப்பில் கேட்ட ‘கிளாரித்ரோமைசின்’ என்ற பெயர் எட்டு வருடம் கழித்து இருமலின்போது யாருக்கு நினைவிருக்கும்? பரிசோதனையும் ஆண்டுகள் செல்லச் செல்ல மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் நடக்கிறது. ஐந்து நாள் மருந்து ஏற்படுத்தும் சேதம் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். கடைக்காரருக்கு நேரமில்லை என்பதையும் ஏற்க இயலாது. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று மருந்து விதிகள் சொல்கின்றன. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர் கடமை என்கின்றன 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகள். சட்டம் இருக்கிறது. கவுண்ட்டரில் மருந்தாளுநர்தான் பல கடைகளில் இருப்பதில்லை. அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயர்கூடப் பாதியில் அறுந்து, எதைச் சாப்பிட்டோம் என்று பிறகு காட்டவும் வழியில்லாமல் போகிறது.

1971-இல் வேலூரில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளைப் பெறும் திட்டத்தை 2008 முதல் ஒழுங்காக நடத்தி நாட்டுக்கே வழிகாட்டியதும் தமிழ்நாடுதான். துயரத்தின் உச்சத்தில் ஒரு குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுப்பு, பத்து மாத்திரைகளால் வீணாகக் கூடாது. பிரிட்டனில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு நீல நிற அட்டை உண்டு. அதைப் போல, மாற்று உறுப்போடு வாழும் ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயரும், சேரக்கூடாத பத்துப் பன்னிரண்டு மருந்துகளும், மாற்றுப் பிரிவின் தொலைபேசி எண்ணும் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையை அரசு தர வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்காமல் மருந்து விற்பதைக் குற்றமாக்க வேண்டும். அது வரும்வரை, இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதி இன்றே அவர் பர்ஸில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தக் கடையில் நின்றாலும், சித்த வைத்தியரிடமே ஆனாலும், முதலில் அந்தத் தாளை நீட்டச் சொல்லுங்கள்.