மே மாதத்தில் விற்கச் சொல்கிறார்கள்

மழைக்குத் தண்ணீர் ஏறும் பகுதியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தரகர்கள் சொல்லும் முதல் யோசனை இது: "சார், ஐப்பசி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும். ஏப்ரல், மே நல்ல மாசம்." அப்போது தெரு காய்ந்து கிடக்கும். வாங்க வருகிறவர் காரை வாசலிலேயே நிறுத்துவார். இரண்டாவது யோசனை வெள்ளையடிப்பது. எல்லாச் சுவருக்கும் வேண்டாமாம். கீழே நாலடிக்கு மட்டும் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்தால் போதும் என்று ஒருவர் என்னிடம் விவரமாகவே சொன்னார். மூன்றாவது, கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே.

இந்த மூன்றுக்கும் நம் ஊரில் "சாமர்த்தியம்" என்று பெயர். நான் இதை மோசடி என்கிறேன். அதனால் எங்கள் நகரில் நாலு பேர் என்னோடு பேசுவதில்லை.

என் வீடு மேற்குத் தாம்பரம் தாண்டி, முடிச்சூர் பக்கம். நகரின் பெயர் வேண்டாம், இருக்கிற மனஸ்தாபம் போதும். ஒரு கிரவுண்டு மனை. கீழே இரண்டு படுக்கையறை, மேலே ஓர் அறை, மீதி மொட்டை மாடி. 1997ல் கட்டியது. எனக்கு 71 வயதாகிறது. மனைவிக்கு முழங்கால் சரியில்லை. மகள் திருச்சியில் இருக்கிறாள், அங்கேயே போய்விடலாம் என்று வீட்டை விலைக்குச் சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2015 என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் என்பார்கள். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைக்காரர்கள் சொன்னால் அது நியாயம். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது எங்களைத் தாண்டி, திருநீர்மலைப் பக்கத்தில். எங்களை முக்கியது ஆதனூர், மண்ணிவாக்கம் என்று மேலே வரிசையாக இருக்கும் ஏரிகள் நிரம்பி அடையாற்றில் விழுந்த தண்ணீர். அந்த வருடம் நவம்பர் நடுவில் ஒரு முறை படகு வந்தது. தெருவைக் கழுவி, மெத்தைகளைத் தூக்கிப் போட்டு, மூச்சு விடுவதற்குள் டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி மறுபடியும். அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். என் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் நின்ற உயரம் மூன்றே முக்கால் அடி. டேப் வைத்து அளந்தேன், பென்சிலால் தேதி எழுதியிருக்கிறேன். 2020ல் நிவர் புயலின்போது முதல் படி. 2021ல் படியெல்லாம் முழுகி, உள்ளே வரவில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம், கூடத்தில் ஒரு அடி.

இதை அப்படியே ஒரு தாளில் எழுதி, வீடு பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுக்கிறேன். பென்சில் கோட்டையும் காட்டுகிறேன். இதுதான் நான் செய்த பாவம்.

வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாசல் எந்தத் திசை? தெற்கு என்றதும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். தெருக்குத்து உண்டா? கிணறு ஈசானியத்தில்தானே? சுடுகாடு எவ்வளவு தூரம்? ஒருவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் வருமா என்று தானாகக் கேட்டவர்கள் ஏழு மாதத்தில் இரண்டே பேர். தி. நகர் கண்ணம்மாபேட்டையில் சுடுகாட்டைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு நன்றாக வாழ்கின்றன! பிணம் எழுந்து வந்து யார் வீட்டு ஃபிரிட்ஜையும் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் கெடுக்கும். என் வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ்.

கேட்கத் தெரியாதது அவர்கள் குற்றம்தானே என்று மாப்பிள்ளை வாதாடுகிறார். "மாமா, கேட்டா சொல்லுங்க. கேக்காதவங்ககிட்ட ஏன் வலியப் போய் சொல்றீங்க?" நல்ல பிள்ளை, என் நன்மைக்குத்தான் சொல்கிறார். அவரிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டினேன். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், அவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அதை விற்கிறவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது. வெள்ளம் அந்தக் கணக்கில் வருமா, ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தானே என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் நாலடிக்குப் பட்டி பார்த்து வெள்ளையடித்தவன், சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்குமே என்று எந்த முகத்தோடு சொல்வான்? தெரியக்கூடாது என்றுதானே அடித்தான்?

கவனமாகப் பார்க்கிறவருக்குத் தெருவே காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மைதான். நான் தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்தவன். எந்தத் தெருவில் பில்லர் பெட்டியை மேடை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறோமோ, அந்தத் தெருவில் மனை வாங்காதே என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. (நான் மனை வாங்கியபோது எங்கள் தெருவுக்குத் தொலைபேசியே வந்திருக்கவில்லை.) மின்சார மீட்டர் தலைக்கு மேலே இருக்கிறதா, பிளக் பாயிண்ட்டுகள் இடுப்புக்கு மேலே ஏறியிருக்கின்றனவா, மோட்டாருக்கு மேடை கட்டியிருக்கிறார்களா, பழைய வீட்டில் கீழ்த்தளக் கதவு மட்டும் புதிதாக பிளாஸ்டிக்கில் இருக்கிறதா, இரும்பு கேட்டில் ஒரே மட்டத்தில் துருக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தெருவில் ஒரு வீட்டையாவது ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி நடங்கள். அப்ரூவல் பெற்ற மனை என்றால் தண்ணீர் வராது என்று பொருள் இல்லை. கிராம வரைபடத்தை வாங்கி ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று பாருங்கள். இது வாங்குகிறவர்களுக்கு. ஆனால் இதையெல்லாம் முப்பது வயதுப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பான் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவன் இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறான். முன்பணத்தில் பாதி அவன் அப்பாவின் பி.எஃப். பணமாக இருக்கும்.

இப்போது எங்கள் நகருக்கு வருகிறேன். குடியிருப்போர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க பாட்டுக்கு வித்துட்டுப் போயிடுவீங்க. நாங்க இங்கதானே இருக்கணும்? இப்படித் தாள் அடிச்சுக் குடுத்தா நகர் பேர் கெட்டுப்போகும், விலை இறங்கிடும்." தேநீர் கொடுத்தேன். பிறகு உள்ளே போய், மாநகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் சங்கம் அனுப்பிய மனுவின் நகலை எடுத்து வந்தேன். வந்தவர்களில் இருவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி முதியோரும் குழந்தைகளும் உயிருக்குப் போராடுவதாக மனு சொல்கிறது. அதே நபர்கள் வீடு வாங்க வருகிறவரிடம், "இங்கயா? கால்கூட நனையாது சார்" என்கிறார்கள். என் காதால் கேட்டேன். ஒரே வாய் அதிகாரிக்கு இடுப்பளவு என்றும், வாங்குகிறவனுக்குக் கால் நனையாது என்றும் சொன்னால் எதை நம்புவது? நாமே தண்ணீர் வராது என்று சாதிக்கிற இடத்துக்கு எந்த அரசாங்கம் வாய்க்கால் வெட்டும்? மறைத்து மறைத்து விற்று, ஒவ்வொரு வருடமும் பத்துப் புதுக் குடும்பங்களை உள்ளே கொண்டுவந்து, அவர்களும் மூன்றாம் வருடம் வெள்ளையடித்து விற்க, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் போக வழியில்லை.

அந்த மூவரில் ஒருவர் மட்டும் கிளம்பும்போது தயங்கி நின்றார். தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சார், உங்களுக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வந்துடுது. எனக்கு இந்த வீடுதான் பென்ஷன். பொண்ணு கல்யாணம் வேற இருக்கு. விலை பத்து லட்சம் இறங்கினா நான் எங்க போவேன்?" இது நியாயமான கேள்வி. எங்கள் நகரில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றிப் பணக்காரராகப் போகிறவர் இல்லை. ஏரிப் பாசன நிலத்தை மனையாக்கி விற்றவன் எப்போதோ லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் கையில் வைத்திருப்பவன் தலையில் விழுகிறது. ஆனால் அந்தப் பத்து லட்சம் நாம் வெள்ளையடித்ததால் காணாமல் போவதில்லையே. வாங்குகிறவன் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவனுக்கும் நாளைக்கு ஒரு பெண் கல்யாணம் வரும். இதை அவரிடம் சொன்னேன். பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் மட்டும் இன்றும் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், எங்கள் தெருவின் நடப்பு விலையில் 14 லட்சம் குறைத்துச் சொல்கிறேன். தரையை மூன்றடி உயர்த்தவும், மின்சார வயரிங்கை மாற்றவும், மேலே இன்னொரு அறை போடவும் ஆகும் செலவைக் கொத்தனாரை வைத்து மதிப்புப் போட்டு வந்த தொகை அது. தானமாக யாருக்கும் கொடுக்கவில்லை. மேலே போய்ப் படுத்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது, ரயில் நிலையம் பக்கம், குடிதண்ணீர் நன்றாக இருக்கிறது, வருடத்தில் பத்து மாதம் நல்ல வீடு. அந்த இரண்டு மாதத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கான விலையில் வாங்குகிறவர் வாங்கட்டும். எதிர்வீட்டுக்காரர் மே மாதத்தில் விற்றார், முழு விலைக்கு. அந்த வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அவர்களிடம் போன வாரம்தான் சொன்னேன், குழந்தையின் மருந்தையும் பத்திரங்களையும் அக்டோபரிலேயே மாடிக்கு ஏற்றிவிடச் சொல்லி. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். என்னைக் கண்டித்துத் தீர்மானம் போடப் போவதாகக் கேள்வி. போடட்டும். இனிமேல் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு என் கையெழுத்தில் எழுதிய தாளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குப் பதிலாகச் சங்கத்தின் மனுவையே இருபத்தைந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தலைவரும் செயலாளரும் முத்திரையோடு கையெழுத்திட்டது. அதில் எந்த வரி பொய் என்று அவர்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னால், அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுக்கிறேன்.