செட்டுக்குச் செட் மாறுமா பெற்றோல்?

"அந்தச் செட்டில அடிச்சா எஞ்சின் தட்டுது, இந்தச் செட்டில அடிச்சா லீற்றருக்கு அம்பது ஓடுது." குடாநாட்டில் எந்தக் கராஜ் வாங்கில் குந்தினாலும் இப்படியொரு தீர்ப்புக் காதில் விழும். ஐ.ஓ.சி திறம் என்பார் ஒருவர். கூட்டுத்தாபனத்து எண்ணெய்தான் அசல் என்பார் இன்னொருவர். 2023இல் சினொபெக் வந்த பிறகு மூன்றாம் கட்சியும் சேர்ந்துவிட்டது. இத்தனை கட்சிகளிலும் அளந்து பார்த்த எண் ஒன்றை வைத்துக்கொண்டு பேசுபவர் எவருமில்லை. குற்றம் அவர்களுடையதல்ல, அந்த எண்ணை யாரும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் எண் ஒன்று உண்டு: 92, 95. அதைப் பெற்றோலின் சத்து என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஒக்டேன் என்பது, அமுக்கப்படும் எரிபொருள் தீப்பொறி வருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு, அவ்வளவுதான். அமுக்கம் குறைந்த எஞ்சினில் 95 விட்டால் இழுவை கூடாது, காசுதான் கரையும். நம் தெருக்களை நிறைத்திருக்கும் ரொயோட்டா அக்குவாவும் விட்ஸும் சுசுக்கி வகன்ஆரும் யப்பானில் சாதாரணப் பெற்றோலில் ஓடவென்று செய்யப்பட்டவை. அந்த நாட்டு நியமத்தின்படி சாதாரணப் பெற்றோலுக்கு வேண்டிய ஒக்டேன் குறைந்தது 89. நமது 92 அதற்கு மேல். கனடாவிலிருந்து வரும் உறவினர் "நாங்கள் 87தான் அடிக்கிறனாங்கள்" என்று சொன்னால் பதற வேண்டாம். அங்கே கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 87 நம்முடைய 91, 92க்குச் சமம்.

ஆகவே சரியான ஒப்பீடு 92க்கும் 95க்கும் இடையில் இல்லை. 92 என்று எழுதிய குழாயிலிருந்து உண்மையிலேயே 92 வருகிறதா என்பதே கேள்வி. அதற்குப் பெற்றோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

இங்கு வரும் பெற்றோல் கப்பலிலோ சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலோ தொடங்கி, பெருங்களஞ்சியங்களைக் கடந்து, பவுசரில் ஏறி, செட்டின் நிலத்தடித் தாங்கிக்குள் இறங்குகிறது. முதற் கண்ணியில் பிழைத்தால் எந்தச் செட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். 2011இல் தரங்குறைந்த பெற்றோல் விநியோகமாகி வாகனங்களின் எரிபொருள் பம்பிகள் பழுதாக, உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் நிலை வந்தது. 2017 ஒக்டோபரில் ஐ.ஓ.சிக்கு வந்த டோர்ம் அஸ்ட்ரிட் கப்பலின் பெற்றோல் தரமற்றதென்று நிராகரிக்கப்பட்டது. நவம்பர் தொடக்கத்தில் நாடே வரிசையில் நின்றது. அந்த வரிசைக்காக அன்று பலர் திட்டித் தீர்த்தார்கள். எனக்கென்னவோ அது துறைமுகச் சோதனை வேலை செய்ததற்கான சாட்சியாகவே படுகிறது. துறைமுகத்தில் ஒரு கண் இருக்கிறது. ஏ9 வழியே வந்து தாங்கிக்குள் விழுந்த பிறகு அதே அளவு கூர்மையான கண் இருக்கிறதா?

இங்கே, பெற்றோலில் கலக்கப்படக்கூடிய மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது, துளிப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கிக்கொண்டே மொறிஸ் மைனரையும் ஏ40ஐயும் ஓட்டிய ஊர் இது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. இன்றைய எஞ்சின்கள் தாங்கா. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. சிறிது கலந்தாலும் தட்டத் தொடங்கும், பிளக் கரிபிடிக்கும்.

கலப்பதற்கான ஆசை எங்கிருந்து வருகிறதென்று விலைப்பட்டியல் சொல்லும். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 92 பெற்றோல் 450 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஆயிரம் லீற்றரில் பத்து வீதம் கலந்தால் 36,300 ரூபாய் சும்மா கிடைக்கும். அம்மாதப் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக்கப்பட்டதும் அதே மோசடியின் இலாபம் 11,000 ரூபாயாகச் சுருங்கியது. வெளியிணைப்பு எஞ்சினுக்கு மண்ணெண்ணெயை நம்பியிருந்த கடற்றொழிலாளர் அந்த உயர்வின் சுமையைச் சுமந்தார்கள் என்பது தனிக்கதை. ஆசை இருந்ததால் எல்லாரும் கலந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விலை இடைவெளி இன்றும் உண்டு என்பதால் சோதனையும் இருக்க வேண்டும் என்கிறேன்.

கலப்படம் செய்ய ஆள் வேண்டும், தண்ணீருக்கு ஆள் வேண்டாம். மாரியில் வெள்ளம் நிற்கும் இடத்தில் தாங்கியின் மூடி சரியில்லையென்றால் நீர் உள்ளே போய் அடியில் தங்கும். தாங்கி ஓட்டையானால் எதிர்த்திசைக் கேடு இன்னும் பெரிது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் எண்ணெய் கிணற்றுக்குப் போகும் வேகத்தைச் சுன்னாகம் அறியும். அங்குள்ள மின் நிலையக் கழிவெண்ணெய் வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

"கெதியா முடியுது" என்ற முறைப்பாட்டில் பாதி, தரத்தைப் பற்றியதே அல்ல, அளவைப் பற்றியது. ஐந்து லீற்றருக்குச் சற்றுக் குறைய ஊற்றும் பம்பியும், காற்றுக் குறைந்த ரயரும் கெட்ட பெற்றோல் போலவே தோன்றும். காலையில் அடித்தால் கூடக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோ வீண். பெற்றோல் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.12 வீதம் விரியும், உண்மைதான். ஆனால் நிலத்தடித் தாங்கி காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அப்படியொன்றும் சூடாவதில்லை.

இந்தியாவில் பம்புக்குப் போகிறவர் வடிதாள் கேட்கலாம். ஒரு துளி விட்டால் கறையின்றி உலர வேண்டும். ஐந்து லீற்றர் அளவைக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அடர்த்தியையும் கேட்கலாம். 15 பாகைக்குத் திருத்திய அந்த எண், பவுசரோடு வந்த பத்திரத்தில் உள்ளதிலிருந்து லீற்றருக்கு 3 கிராமுக்கு மேல் விலகக் கூடாது. பத்து வீத மண்ணெண்ணெய் கலந்தால் விலகல் 6 கிராமை நெருங்கும். மலிவான மிதவைமானி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். விதி மட்டும் போதாது என்பதும் அங்கேதான் தெரிந்தது: கலப்படம் செய்த பம்பை மூடவைத்த இந்தியன் ஒயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத் 2005இல் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நமக்கு அந்த அடர்த்தி எண்ணை எழுதிய பலகையாவது ஒவ்வொரு செட்டின் வாசலிலும் வேண்டும். யாழ். பல்கலைக்கழக இரசாயனவியல் துறை மாதமொருமுறை பெயர் மறைத்த மாதிரிகளை எடுத்து அடர்த்தியும் கொதிநிலை வீச்சும் பார்த்து வெளியிடலாம். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மாவட்டச் செயலகம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நல்ல செட்டுக்காரருக்கும் இதுவே காப்பு, கராஜ் வதந்தியால் அவர் வாடிக்கை இழக்கத் தேவையிராது. அதுவரை, அடித்ததும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே வாகனம் நின்றால் தாங்கியிலிருந்து கொஞ்சத்தை உலோகக் கலத்தில் இறக்கி மூடி வைத்துவிட்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.